கொப்புளத்துக்கு மருந்து

போன மாதம் எங்கள் பழைய ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். ஒரு ரசாயனம் தோலில் ஒவ்வாமை உண்டாக்குமா என்று பார்க்க இனி அங்கே விலங்குகளே கிடையாதாம். கண்ணாடித் தட்டில் வளர்த்த தோல் செல்கள், ஏதோ ஒரு புரதக் கரைசல், கணக்குப் போட ஒரு கணினி, அவ்வளவுதானாம். கூண்டுகளையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். "உங்க காலத்துல விலங்கு இல்லாம ஒரு தடவையாவது டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா மேடம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள்.

பண்ணியிருக்கிறோம். ஒரே ஒரு தடவை. அவளிடம் "அப்புறம் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன். போனில் சொல்லக்கூடிய விஷயமில்லை அது. அதனால் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பெரிய பயந்தாங்கொள்ளி. இடி இடித்தால் போர்வைக்குள் போகிற ஜாதி. இத்தனை வருஷம் விஷங்களோடு வேலை பார்த்துவிட்டு முழுசாக வீடு வந்து சேர்ந்திருக்கிறேன் என்றால் தைரியத்தால் அல்ல, பயத்தால்தான். தைரியசாலிகள் சிலரை நான் பாதியிலேயே இழந்திருக்கிறேன்.

எலப்புள்ளிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. பாலக்காட்டில் விலங்கியல் படித்து முடித்த கையோடு, எழுபதுகளின் தொடக்கத்தில், ஊருக்கு வெளியே புதிதாக வந்திருந்த ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மருந்து என்றால் நாம் குடிக்கிற மருந்து இல்லை. தேயிலைக்கும் ஏலத்துக்கும் அடிக்கிற மருந்து. நம் ஊரில் பூச்சியைக் கொல்வதற்கும் மருந்து என்றுதான் பெயர், காய்ச்சலைத் தணிப்பதற்கும் மருந்து என்றுதான் பெயர். இதில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு நானும்தான் நினைத்தேன்.

என் வேலை விலங்கறையில். கினிப்பன்றிகளின் விலாவில் ரோமத்தை மழித்து, மருந்தைத் தடவி, தோல் சிவக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் சில முறை தடவிப் பழக்குவோம். பிறகு கொஞ்ச நாள் சும்மா விடுவோம். அந்த இடைவெளியில் உடம்பு அந்த ரசாயனத்தை எதிரியாக நினைவில் வைத்துக்கொண்டதா என்பதுதான் கேள்வி. மறுபடி துளி தடவும்போது தோல் சிவந்து வீங்கினால், நினைவில் வைத்துக்கொண்டது என்று அர்த்தம். அப்படி ஒரு தடவை வைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் மறக்காது.

அம்மாவுக்கு இந்த வேலை பிடிக்கவே இல்லை. "எலிக்குச் செரைக்கறதுக்காடி உன்னைய அத்தனை படிக்க வெச்சோம்?" என்பாள். அப்பா வேலந்தாவளம் சந்தைக்கு மாடு பிடிக்கப் போனால், "ஏனுங்க, உங்க புள்ள மாட்டு டாக்டருங்களாமா?" என்று கேட்பார்களாம். அப்பா ஆமாம் என்று சொல்லிவிடுவார். விளக்கிச் சொல்வதைவிட அது சுலபம்.

எனக்கு மேலே இருந்தவர் வைத்தி சார். கல்பாத்திக்காரர். டாக்டருக்குப் படித்துவிட்டு, நோயாளிகளைப் பார்க்க மனம் தாங்காமல் ஆய்வுக்கூடத்துக்கு வந்தவர் என்று சொல்வார்கள். மெலிந்த உடம்பு, கழுவிக் கழுவி வெளுத்த கைகள். எந்தப் புது ரசாயனம் வந்தாலும் முதலில் மணிக்கட்டுக்கு மேலே தன் தோலில் ஒரு பொட்டு வைத்துக்கொள்வார். விலங்கைத் தொடும் முன் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். முடிவு பார்ப்பதென்றால் வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும்தான், விளக்கு வெளிச்சத்தில் பார்க்கவே விடமாட்டார். எல்லாவற்றையும்விட நான் கவனித்து வைத்திருந்தது அவர் குரலை. மற்றவர்களுக்குக் கோபமோ பதற்றமோ வந்தால் குரல் ஏறும். இவருக்கு இறங்கும். ரொம்பவும் மெதுவாகப் பேசினார் என்றால் விஷயம் ரொம்பவும் மோசம். அவர் குரல் காதுக்கு எட்டாமல் போன நாள்களில் எனக்குச் சோறு இறங்கியதில்லை.

தேயிலையில் கொப்புள நோய் என்று ஒன்று உண்டு. மழைக்காலத்தில் இளங்கொழுந்தில் அம்மை போட்டது போலக் கொப்புளம் கிளம்பும். இலை பாழாய்ப் போகும். அதற்காக எங்கள் தொழிற்சாலை ஒரு மஞ்சள் தூள் செய்தது. கினிப்பன்றிகள் மேல் தடவிப் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. தூள் மலைக்குப் போயிற்று. அடித்த இடமெல்லாம் கொப்புளம் ஓடிப்போனது என்று எஸ்டேட்டுகளிலிருந்து ஒரே பாராட்டு.

பிறகு வண்டிப்பெரியார் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து வேறு செய்தி வந்தது. கொழுந்து கிள்ளும் பெண்களுக்குக் கையில் கொப்புளம் வெடிக்கிறதாம்.

வைத்தி சார் விலங்குகளில் மறுபடி பார்க்க வேண்டும் என்றார். அந்த வாரமே விலங்கறையில் ஏதோ கழிச்சல் நோய் புகுந்து எங்கள் கினிப்பன்றிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. புதிதாக வாங்கி வளர்த்துப் பழக்க மாதங்கள் ஆகும். மேலாளர் தன் அறைக்கு எங்களைக் கூப்பிட்டார்.

"கினிப்பன்றி இல்லேன்னா என்ன சார்? எஸ்டேட்ல ஆளுங்க இருக்காங்கல்ல. நல்லா இருக்கறவங்க மேலயும் போட்டுப் பாருங்க, ஒண்ணும் வரலைன்னா நமக்கு ஒரு பிடி கிடைக்கும்" என்றார்.

வைத்தி சார் பேசிய குரலைக் கேட்க மேலாளர் மேஜை மேல் குனிய வேண்டியிருந்தது. "ஏற்கெனவே தொலி பொள்ளிக் கொப்புளம் வெடிச்சுக் கஷ்டப்படறவாளுக்கு, எதனால பொள்ளித்துன்னு கண்டுபிடிக்கறது வைத்தியமாக்கும். ஒண்ணுமில்லாதவா மேல போட்டு, பொள்ளறதான்னு பாக்கறதுக்குப் பேரு வேற. அதை நான் செய்யமாட்டேன் சார்."

மேலாளர் தோளைக் குலுக்கினார். கைப்புண் உள்ளவர்களுக்கு மட்டும் என்று முடிவாயிற்று. பெண்கள் முதுகில் தூள் தடவிய துணியை ஒட்ட வேண்டும் என்பதால் என்னையும் அனுப்பினார்கள். ஆண்களிடம் முதுகைக் காட்ட மாட்டார்கள் அல்லவா. வெளியே வந்ததும் வைத்தி சார் என்னிடம் சொன்னது இது: "சரோஜா, நேக்குப் பேடியாருக்கு." மேலதிகாரி ஒருவர் பயமாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கம்பம் வழியாகக் குமுளி ஏறி ஜீப்பில் போனோம். என் மடியில் பஞ்சு பொதிந்த பெட்டி. அதற்குள் அந்த மஞ்சள் தூளை வாசலினில் வெகு சொற்பமாகக் கலந்த சின்ன டப்பா. வளைவுகளில் அது என் தொடையில் இடிக்கும்போதெல்லாம் உயிருள்ள எதையோ கொண்டுபோவது போல இருந்தது.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் டாக்டர் கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாள்களில் கம்பவுண்டர் தங்கய்யாதான் எல்லாம். நல்ல மனிதர், வாய் கொஞ்சம் நீளம். நாங்கள் செய்யப் போவதை அவரிடம் விளக்கினோம். தூள் கலந்த வாசலினைச் சின்னத் துணிச் சதுரத்தில் தடவி, முதுகில் வைத்து, மேலே மெழுகுத்தாள் போட்டு, பிளாஸ்திரி ஒட்டுவோம். பக்கத்திலேயே வெறும் வாசலின் வைத்த சதுரம் ஒன்று, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்ப்போம். தூள் வைத்த இடம் மட்டும் வீங்கியிருந்தால் குற்றவாளி தூள்தான். இதற்குப் பேட்ச் டெஸ்ட் என்று பெயர்.

தங்கய்யா தலையை ஆட்டினார். வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் போய், "கம்பெனியில இருந்து டாக்டர் வந்திருக்காரு. எல்லாருக்கும் முதுகுல பத்து போடுவாங்க" என்றார்.

பேட்ச் என்பது அவர் வாயில் பத்து ஆகிவிட்டது. நெற்றி வலித்தால் சுக்கை உரைத்துப் போடுகிறோமே, அடிபட்ட காலுக்கு மூலிகை அரைத்துப் போடுகிறோமே, அந்தப் பத்து. கேட்டபோது எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. நல்ல தமிழ்ச் சொல்லாகத்தான் இருக்கிறது, பொருத்தமாகவும் இருக்கிறது என்று நினைத்தேன். எல்லோரும் பயந்தது தூளுக்கு. சொல்லுக்குப் பயப்பட எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

முதலில் உள்ளே வந்தவள் செல்லக்கனி. முப்பத்தைந்து வயது இருக்கும். அவள் கணவன் மாடசாமி மருந்தடிக்கும் கூட்டத்தில் இருந்தான். அவன் சட்டையைத் துவைப்பது இவள், அவன் அடித்த செடியில் கிள்ளுவதும் இவள். இரண்டு கைகளும் முழங்கை வரை வெடித்து நீர் கசிந்துகொண்டிருந்தன. விரலை மடக்க முடியாததால் சில நாளாகக் கொழுந்துக்குப் போகவில்லை. வேலைக்கு வரவில்லை என்று பெயரை அடித்துவிட்டால், எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். வயசுக்கு வந்த மகள் ஒருத்தி இருந்தாள். செல்லக்கனிக்குக் கை ஆறியே தீர வேண்டும், வேறு வழியில்லை.

"இதுல என்னம்மா வச்சிருக்கீக?" என்று கேட்டாள்.

நான் உண்மையைச் சொன்னேன். மறைக்கக் கூடாது என்று வைத்தி சார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "கொப்புளத்துக்கு அடிக்கற மருந்துதானுங்கக்கா. அந்த மஞ்சத் தூள். துளியூண்டு வெச்சிருக்கோம்."

அவள் கண்கள் விரிந்தன. "அதுவா!" என்றாள். பிறகு, "நீங்க போட்டுக்கிட்டீகளா?" என்று கேட்டாள்.

வைத்தி சார் அன்று காலையிலேயே தங்கய்யாவைக் கொண்டு தன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கலவையின் அளவு நல்ல தோலைச் சுடவில்லை என்று பார்க்க வேண்டுமே, அதற்காக. நான் ஒட்டிக்கொள்ளவில்லை. பயம். ஆனால் அந்தப் பெண் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கய்யாவின் மனைவியைக் கூப்பிட்டு, அத்தனை பெண்களும் எட்டிப் பார்க்க, ரவிக்கையைத் தளர்த்தி, என் தோள்பட்டைக்குக் கீழேயும் ஒரு சதுரம் வைக்கச் சொன்னேன். வைத்தி சாரிடம் சொன்னபோது அவர் முகம் சுண்டிப் போனது. ஆனாலும் எடுக்கச் சொல்லவில்லை.

போகும்போது எல்லோருக்கும் விதிகளைச் சொல்லி அனுப்பினேன். நனைக்கக் கூடாது. பிரிக்கக் கூடாது. அரித்தாலும் சொறியக் கூடாது. குளிக்கக் கூடாது. பெண்கள் பக்தியோடு கேட்டுக்கொண்டார்கள். பத்துக்கும் அதே விதிகள்தான் என்பது அப்போது என் மண்டையில் உறைக்கவில்லை.

மறுநாள் மழை. டிஸ்பென்சரியின் பின்னறையில் வைத்தி சார் எனக்குப் பாடம் எடுத்தார். "வெள்ளைக் கினிப்பன்னில சிவப்பைப் பாத்துப் பழகினவோ நீ. இவா நெறம் வேற. இந்த நெறத்துல சிவப்பு தெரியாது, கேட்டியா? கண்ணை நம்பாதே. கண்ணை மூடிண்டு விரலால தடவிப் பாரு. வீங்கியிருந்தா விரல் சொல்லும். தூள் வச்ச சதுரத்துக்கு வெளியிலயும் வீக்கம் பரவியிருந்தா அது வெறும் சூடு இல்லை, உடம்பு அதை ஞாபகம் வச்சிண்டிருக்கு." அவர் தன் முழங்கையை மேஜை மேல் வைத்து, கண்ணை மூடி, விரல் நுனியால் தடவிக் காட்டினார். ஜெபம் செய்கிறவர் மாதிரி இருந்தது.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் முதுகில் அரிப்பு தொடங்கியது.

முதலில் பிளாஸ்திரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் அரிப்பு எரிச்சலானது. விலங்கறையில் மாதக்கணக்காக அந்தத் தூளைத் தடவியவள் நான். கையுறை எப்போதும் இருந்ததில்லை. கினிப்பன்றிகள் ஞாபகம் வைத்துக்கொள்ளாத எதையோ என் உடம்பு வைத்துக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. ஆயுசுக்கும் மறக்காது என்று நான்தானே எல்லோருக்கும் சொல்வேன். சொன்னால் வேலை போய்விடுமோ, கல்யாணமே ஆகாமல் போகுமோ, உடம்பெல்லாம் பரவுமோ என்று என்னென்னவோ தோன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதுகு நாளைக்குப் பிரிக்கும்போது தானே சொல்லட்டும் என்று விட்டேன்.

பிரிக்க வேண்டிய நாளில் எல்லோரும் வந்தார்கள். செல்லக்கனி மட்டும் வரவில்லை.

முதலில் பிரித்த மற்ற பெண்களில் ஒருத்தி குறைப்பட்டுக்கொண்டாள். "எனக்குப் போட்ட பத்து ஒண்ணும் எரியவே இல்லம்மா. செல்லக்கனிக்கு நல்லாப் பிடிச்சிருச்சு. நேத்தே எரிய ஆரம்பிச்சிருச்சாம். கொடுத்து வச்சவ."

என் விரல்கள் அவள் முதுகிலேயே நின்றுவிட்டன. "பிடிச்சிருச்சுன்னா?"

"மருந்து பிடிச்சிருச்சும்மா. எலையில கெளம்புன கொப்புளத்தையே காய வச்சிருதே, கையில உள்ளத காய வைக்காதா? துளி வச்சதுக்கே இப்படி வேலை செய்யுதேன்னு, மாடசாமி அண்ணன் தூளு கொண்டாந்து குடுத்தாக. ஆமணக்கெண்ணெயில கொழச்சுக் கை பூராவும் பத்து போட்டிருக்கா."

வைத்தி சார் அடுத்த அறையில் இருந்தார். போய்ச் சொன்னேன். அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு மழையிலேயே கிளம்பிவிட்டார். நானும் தங்கய்யாவும் பின்னால் ஓடினோம். லயத்துக்கு இறங்கும் படிகள் பாசி பிடித்து வழுக்கின.

வீட்டு வாசலில் ஆண்கள் நின்றிருந்தார்கள். உள்ளே பெண்கள் கூட்டம். நடுவில் பாயில் செல்லக்கனி. என்னால் முகத்தை அடையாளம் காண முடியவில்லை. கண்கள் இரண்டும் வீங்கி மூடிப்போய் வெறும் கோடாக இருந்தன. உதடு தடித்துத் தொங்கியது. இரு கைகளிலும் கழுத்திலும் மஞ்சள் சாந்து காய்ந்து வெடித்து, வெடிப்புகளில் நீர் வழிந்தது. மூச்சு விடும்போது தொண்டைக்குள் கீச்சென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை இப்போதும் சில நேரம் பிரஷர் குக்கரில் ஆவி கிளம்பும் முன் கேட்கிறேன். உடனே அடுப்பை அணைத்துவிடுவேன்.

வைத்தி சார் தொடையில் ஊசி போட்டார். "கழுவணும். சோப்புப் போட்டு, முழுக்கக் கழுவணும். இப்பவே" என்றார். தூள் மேலே இருக்கும்வரை எத்தனை ஊசி போட்டும் பயனில்லை.

நான் அண்டாவில் தண்ணீரை மொண்டேன். அன்று வராந்தாவில் இருந்த மாடசாமியின் அக்கா பேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டை குட்டையான பெண், பிடி இரும்பாக இருந்தது. "பத்த நனைக்கப்படாது. நீதானம்மா சொன்ன? நனைச்சா நோவு உள்ள எறங்கிரும். இப்பத்தான் வெளிய வந்துக்கிட்டிருக்கு."

"இது நோவு வெளிய வர்றதில்லீங்கக்கா, இந்தத் தூள்தான் அவங்களைக் கொல்லுது!"

"மருந்து எப்படிம்மா கொல்லும்?"

வாசல் பக்கம் நகர்ந்து வைத்தி சார் சட்டையைக் கழற்றி முதுகைத் திருப்பினார். பூணூலுக்குப் பக்கத்தில் பிளாஸ்திரி. அதைப் பிய்த்துக் காட்டி, "என் மேலயும் அதே தூள்தான். பாருங்கோ, இது பத்து இல்லை, வெறும் பரிசோதனை" என்றார். அவர் தோலில் ஒன்றும் இல்லை, சுத்தமாக இருந்தது.

பேச்சி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஒங்களுக்கு நோவு இல்ல சாமி. அதான் பிடிக்கல."

கூட்டம் ஆமாம் என்று முணுமுணுத்தது. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் பயங்கரம். கீச்சுச் சத்தம் இன்னும் மெலிந்துகொண்டே போனது. நான் அழுதுகொண்டிருந்தேன் என்று பிறகு தங்கய்யா சொன்னார். எனக்குத் தெரியவில்லை. ஆண்களை வெளியே நிறுத்திவிட்டு வாசல் கதவைச் சாத்தினேன். ரவிக்கையின் கொக்கிகளைக் கழற்றி, முதுகைப் பேச்சியின் பக்கம் திருப்பி, "பிரிங்கக்கா" என்றேன்.

பிளாஸ்திரி தோலோடு வந்தது. கத்திவிட்டேன். பின்னால் பெண்கள் மூச்சை இழுப்பது கேட்டது. சதுரம் வைத்த இடம் தாண்டி, உள்ளங்கை அகலத்துக்குப் புடைத்து, நீர் கோத்துக் கொப்புளங்களாக இருந்ததாம். நான் இன்றுவரை அதைப் பார்த்ததில்லை. அவர்கள் பார்த்தார்கள்.

"எனக்கு ஒரு நோவும் இல்லீங்கக்கா. முந்தாநேத்து நீங்க எல்லாம் பாக்கத்தானே போட்டேன்? அப்ப என் முதுகு எப்படி இருந்துச்சு? இது என்னத்தை வெளிய எடுத்துச்சு, சொல்லுங்க?"

பேச்சியின் விரல் என் முதுகின் ஓரத்தைத் தொட்டது. சூட்டை உணர்ந்ததும் சட்டென்று எடுத்துக்கொண்டாள். அடுத்த கணம் அவளே அண்டாவைச் சாய்த்துச் செல்லக்கனியின் கைகளில் ஊற்றத் தொடங்கினாள். நாலைந்து பெண்கள் சேர்ந்து சோப்பைத் தேய்த்தார்கள். ஆமணக்கெண்ணெய் லேசில் விடாது. மஞ்சள் தண்ணீர் வாசல் வழியாக ஓடியது. வெளியே நின்ற ஆண்களைக் காலை விலக்கச் சொல்லிக் கத்தினேன். செல்லக்கனியின் கண்கள் மூடியே இருந்தன. நடந்ததில் எதையும் அவள் பார்க்கவில்லை.

அவளைக் கட்டிலோடு தூக்கி டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனோம். ராத்திரி முழுக்க வைத்தி சார் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். விடியும்போது கீச்சு நின்றது. நின்றதும் செத்துவிட்டாள் என்று நினைத்து நான் எழுந்து வெளியே போய்விட்டேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவர்தான் வெளியே வந்து, சாதாரணமான குரலில், நன்றாகக் காதில் விழும் குரலில், "சாயா கிடைக்குமா இங்கே?" என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதற்குப் பிறகு என்னை வடக்குப் பக்க வராந்தாவில் உட்கார வைத்து, தங்கய்யாவின் மனைவி பக்கத்தில் நிற்க, கண்ணை மூடிக்கொண்டு என் முதுகை விரலால் தடவிப் பார்த்தார். "நல்லாப் பிடிச்சிருக்கு" என்று தங்கய்யாவின் மனைவி சொன்னாள், பாவம், அவளுக்குத் தெரிந்த சொல் அதுதான். வைத்தி சார், "இனி இந்தத் தூள் இருக்கற அறைக்குள்ள நீ வரப்படாது. ஒருநாளும்" என்றார். கினிப்பன்றிகள் சொல்லாததை என் முதுகு சொல்லிவிட்டது. தொழிற்சாலை அந்தத் தூளைச் செய்வதை நிறுத்தியதற்கு மேலாளருக்குக் காட்டப்பட்ட காரணங்களில் செல்லக்கனியின் கைகளும் என் முதுகும் இருந்தன. எஸ்டேட் கிடங்கில் இருந்த டின்களை அன்று காலையே சீல் வைத்துப் பூட்டினார்கள்.

கண்ணாடித் தட்டுக்காரப் பெண்ணே, உன் கூண்டுகள் போனதில் எனக்குச் சந்தோஷம்தான். அந்த ஜீவன்களின் கண்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஆனால் விலங்கு வேண்டாம் என்று யாராவது சொன்னால், அதற்குப் பதிலாக எதை வைக்கப் போகிறார்கள் என்று ஒரு நிமிஷம் கேட்டுக்கொள். எங்கள் மேலாளர் அதைச் சொன்னபோது அவர் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவசரம்தான் இருந்தது.

இன்னும் சில நாள் அங்கேயே தங்கினோம். வீக்கம் வடிந்து செல்லக்கனிக்கு முகம் திரும்பி வந்தது. மாத்திரைகளாலும், தூள் பக்கமே போகாததாலும் கைப்புண்களும் உலர்ந்தன. கிளம்புகிற நாளில் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். அப்போது செல்லக்கனி மேட்டில் இருந்து இறங்கி வேகமாக வந்தாள். இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினாள். தோல் உரிந்து, புதுத்தோல் வெளிறித் தெரிந்தது. அழகாக ஆறியிருந்தது.

"பாருங்கம்மா. கேட்டுருச்சு."

"மாத்திரைங்கக்கா அது. தூள் பக்கம் போகலை, அதனாலதான்..."

"பேச்சி மதினி சொன்னாக, நீங்க என்னமோ வெசமுன்னீகளாம். வெசமுன்னா இப்படிக் கேக்குமா? செத்துப் பொழைச்சேன், சரிதான். அத்தனை தோசமும் மூஞ்சி வழியா வெளியேறிருச்சு. எரிஞ்சாத்தானம்மா வேல செய்யும்." அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் அதுவரை பார்த்ததிலேயே என்னை அதிகம் பயமுறுத்திய முகம் அதுதான், வீங்கிக் கிடந்த முகம்கூட அப்படிப் பயமுறுத்தவில்லை. "எம் மவளுக்கும் வெரல் இடுக்குல லேசாக் கெளம்பியிருக்கு. சின்ன உடம்பு, தாங்காதுன்னு கொஞ்சமாப் போடலாமுன்னு இருக்கேன். அளவு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"எதைப் போடப் போறீங்க? டின்னெல்லாம் பூட்டியாச்சே?"

அவள் சிரித்தாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானையைப் பிரித்து, வாழைச்சருகில் மடித்த ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள். மடிப்பு ஓரத்தில் மஞ்சள்.

ஜீப்பிலிருந்து குதித்தேன். என் கைக்குட்டையால் அதைப் பொத்திப் பிடுங்கினேன். அவள் தடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் பயந்திருப்பாள். சிரிப்பு மெல்ல மறைந்தது.

"வேற யார்கிட்டக்கா இருக்கு இது?"

அவள் திரும்பி, வரிசை வரிசையாகப் புகை போய்க்கொண்டிருந்த லயத்து வீடுகளைப் பார்த்தாள். ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

வைத்தி சார் ஏற்கெனவே கீழே இறங்கியிருந்தார். அவர் டிரைவரிடம் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. இன்ஜின் நின்றது.